தெருவில் பத்து நாள் நிற்கப்போகும் கலை: விழாக் குழுவினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் மார்கழி முடியும்போதே விழாக் காலம் சூடுபிடித்துவிடுகிறது. மயிலாப்பூர் விழா, சென்னை சங்கமம், அப்புறம் குடியிருப்போர் சங்கங்களும் கல்லூரிகளும் அங்கங்கே நடத்தும் பேட்டை விழாக்கள். கச்சேரிக்கும் கூத்துக்கும் யாரைக் கூப்பிடுவது, மேடை எப்படிப் போடுவது என்பதெல்லாம் நம் ஊரில் பலருக்கும் பழகிய வேலை. ஒரு கலைஞரைக் கொண்டு தெருவிலோ பூங்காவிலோ பெரிதாக ஒன்றைச் செய்து வைக்கலாம் என்று குழு முடிவெடுத்ததும்தான் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். சில ஆண்டுகளாக ஒரு பேட்டை விழாவில் நான் பார்த்துவரும் வேலை இது. தொலைபேசியில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, வரும் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

தற்காலிகக் கலை என்றால் எதைச் சொல்கிறீர்கள்? சுவரில் ஓவியம் வரைவதும் இதில் வருமா?

வைக்கும்போதே எடுக்கும் தேதியும் முடிவாகியிருந்தால் அது தற்காலிகக் கலை, அவ்வளவுதான். மூங்கில் கோபுரம், துணிக்கூரை, களிமண் உருவங்கள், ஒளி வேலைப்பாடு, தரையில் பெரிய கோலம் எல்லாம் இதில் அடக்கம். சுவரோவியம் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடும். கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்ததைப் போன்ற வேலைகளுக்குப் பராமரிப்பு, சுவரின் சொந்தக்காரர் சம்மதம் என்று வேறு கணக்கு இருக்கிறது. அதை இதோடு கலக்க வேண்டாம்.

இது வெளிநாட்டிலிருந்து வந்த வழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மயிலாப்பூர் விழாவுக்கு வடக்கு மாட வீதியில் போடுகிற கோலங்கள் அன்றைக்கே காலடியில் கரைகின்றன. புரவி எடுப்புக்குக் குயவர் செய்து தரும் மண் குதிரை ஐயனார் கோயில் வாசலில் மழையிலும் வெயிலிலும் கரைந்து போக, அடுத்த எடுப்புக்குப் புதிதாகச் செய்கிறார்கள். அழியப்போகிறது என்று தெரிந்தே முழு அக்கறையோடு செய்வது நம் கைகளுக்குப் பழக்கமான வேலைதான்.

எத்தனை மாதம் முன்னால் தொடங்க வேண்டும்?

ஆறு மாதம். நான்கு மாதத்தில் முடித்திருக்கிறோம், ஆனால் கடைசி மூன்று வாரம் யாரும் தூங்கவில்லை. ஜனவரி விழா என்றால் ஆடி, ஆவணியிலேயே இடத்தைப் பார்த்துவிடுங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம். வெட்டவெளிப் பட்டறையில் வெல்டிங்கும் நடக்காது, மண்ணும் காயாது. இந்த இரண்டரை மாதத்தைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட அட்டவணை எதுவும் எனக்குத் தெரிந்து நிற்கவில்லை.

அதிகாரிகளின் அலைக்கழிப்பில் மனம் சோர்ந்தால் கிறிஸ்டோ, ழான்-கிளாட் என்ற கலைஞர் தம்பதியை நினைத்துக்கொள்ளுங்கள். பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் போர்த்தும் யோசனையை அவர்கள் கையில் எடுத்தது 1971-ல். ஜெர்மன் நாடாளுமன்றம் விவாதித்து வாக்கெடுப்பு நடத்தி அனுமதி கொடுத்தது 1994-ல். 1995-ல் போர்த்தி, 14 நாள் வைத்திருந்து, எடுத்துவிட்டார்கள். ஐம்பது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள்.

முதலில் கலைஞரைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா?

இடத்தை. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. அந்த இடத்தைக் காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். குப்பை வண்டி எங்கே நிற்கிறது, தண்ணீர் லாரி எப்படித் திரும்புகிறது, எந்த மரத்தடியில் ஆட்டோக்காரர்கள் உட்காருகிறார்கள், இதையெல்லாம் வரைபடத்தில் பார்க்க முடியாது.

ஒருமுறை ஒரு தெருமுனையில் சுண்ணாம்புப் பொடியால் அளவு போட்டுக்கொண்டிருந்தோம், பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். “இந்தக் கோட்டுலதான் நாலு மணிக்கு ஸ்கூல் வேன் பின்னாடி எடுத்துத் திரும்பும், புள்ளைங்க இந்தப் பக்கமா இறங்கும்” என்று காலால் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். அளவை எட்டடி தள்ளிப் போட்டோம். அவர் வண்டியை எங்கே நிறுத்தினால் வெயில் படாது என்பதையும் கலைஞர் தன் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார். விழா நடந்த பத்து நாளும் அந்த வேலைப்பாட்டுக்குக் காவல் அவர்தான். ஒருநாள் இரவு தூறல் போட்டபோது தார்ப்பாய் எடுத்துவந்து மூடியதும் அவரும் அவர் மனைவியும்தான். நாங்கள் கேட்கவே இல்லை.

இடத்தில் இருப்பவர்களைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு பெயர்போன உதாரணம் உண்டு. ரிச்சர்ட் செர்ரா 1981-ல் ஒரு அரசு அலுவலக வளாகத்தின் முற்றத்துக்குக் குறுக்கே 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். பெரிய சிற்பி, பெரிய வேலை. ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது, பலத்த எதிர்ப்பு வந்து, பொது விசாரணை நடந்து, 1989-ல் துண்டுபோட்டு எடுத்துவிட்டார்கள். அது நிரந்தரமாக இருக்கட்டும் என்று வைத்தது. பத்து நாள் வேலைக்கு விசாரணையெல்லாம் வராது, நேராகக் கல்தான் வரும்.

சரி, கலைஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பொது அறிவிப்பு கொடுக்கலாம், நேரடியாக நாலைந்து பேரை அழைக்கலாம். சிறிய குழுவுக்கு இரண்டாவதுதான் சரி. பொது அறிவிப்பு கொடுத்தால் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படித்துப் பதில் போடும் கடமை உங்களுக்கு இருக்கிறது, அதற்கு ஆள் வேண்டும்.

மூன்று பேரைக் குறுக்கிவிட்டு மாதிரியும் வரைபடமும் கேட்கும்போது, மூன்று பேருக்கும் அதற்குக் கூலி கொடுங்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ, கொடுத்தே ஆக வேண்டும். தேர்வாகாதவரின் யோசனையை எடுத்து உள்ளூர் வெல்டரிடம் கொடுத்துச் செய்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

1850-ல் தொடங்கிய எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்து வெளியே வந்த இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கலைஞர்கள் கிராமமான சோழமண்டலம் பக்கம் விசாரியுங்கள். அதோடு நிறுத்தாமல் பந்தல்காரர், குயவர், கூடை முடைபவர், மாட வீதியில் இருபது ஆண்டுகளாகக் கோலம் போடும் பெண்கள், இவர்களையும் கலைஞராகவே அழையுங்கள். உதவியாளராக அழைத்துக் குறைந்த கூலி கொடுத்துவிட்டு, பெயர்ப் பலகையில் வேறொருவர் பெயரைப் போடுவது எனக்குப் பொறுக்காத விஷயம். கை வேலை செய்த எல்லோர் பெயரும் பலகையில் வர வேண்டும்.

கலைஞருக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

இரண்டு பக்கம் போதும். இடத்தின் அளவு, புகைப்படங்கள், தரை மண்ணா சிமெண்டா, குழி தோண்டலாமா, மேலே மின்கம்பி போகிறதா, மின்சாரம் எங்கிருந்து வரும், மொத்தப் பணம் எவ்வளவு, எந்த நாள் வைப்பது, எந்த நாள் எடுப்பது. கருப்பொருள் ஒரு வரியில் இருந்தால் நல்லது. “நமது பாரம்பரியத்தையும் சுற்றுச்சூழலையும் பெண் முன்னேற்றத்தையும் இளைஞர் எழுச்சியையும் காட்ட வேண்டும்” என்று ஒரு குறிப்பு என் கைக்கு வந்தது. அதை வைத்து ஒரு நல்ல கலைஞர் எதையும் செய்ய முடியாது.

எவ்வளவு பணம் வேண்டும்?

எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற வேலையைக் கேளுங்கள். எங்கள் குழுவில் ஒரு வேலைப்பாட்டுக்கு ஒரு லட்சம் ஒதுக்கினால் ஏறக்குறைய இப்படிப் பிரிப்போம்: கலைஞர் ஊதியம் 25,000; பொருளும் பட்டறைக் கூலியும் 35,000; குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) வாடகை, ஏற்றி இறக்க, நிறுத்த ஆட்கள் 12,000; இரவுக் காவல் 8,000; கழற்றிச் சுத்தம் செய்ய 10,000; எதிர்பாராத செலவுக்குக் கைவசம் 10,000.

இதில் நான் விட்டுக்கொடுக்காதவை இரண்டு. கலைஞர் ஊதியம் தனி வரியாக நிற்க வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகக் கொடுத்து “நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால், வேலை நன்றாக வர வேண்டுமே என்ற ஆசையில் முழுப் பணத்தையும் இரும்புக்கும் மூங்கிலுக்கும் போட்டுவிட்டு அவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார், இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தனி வரியாக எழுதத் தொடங்கினோம். இரண்டாவது, கழற்றும் பணம். அதை முதல் நாளே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். விழா முடிந்த மறுநாள் குழுவில் யாரிடமும் பணமும் இருக்காது, தெம்பும் இருக்காது.

ஒப்பந்தம் போட்டதும் பொருள் செலவு முழுவதையும், ஊதியத்தில் 40 சதவீதத்தையும் கொடுத்துவிடுங்கள். வேலைப்பாடு இடத்தில் நின்றதும் இன்னொரு 40. கழற்றி முடித்ததும் மீதி 20. வரிப் பிடித்தம் உண்டென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடைசியில் தொகை குறைந்து வந்தால் நம்பிக்கை போய்விடும்.

அனுமதி யாரிடம் வாங்குவது?

இடம் யாருடையது என்பதைப் பொறுத்தது. பூங்கா, நடைபாதை, விளையாட்டுத் திடல் என்றால் மாநகராட்சி. வார்டு உதவிப் பொறியாளரை முதலில் பாருங்கள், அவர் “முடியும்” என்று சொன்னால் மண்டல அலுவலகத்துக் கடிதம் சீக்கிரம் நகரும். சாலையோரம் என்றால் போக்குவரத்துக் காவல். பறக்கும் ரயில் நிலையம் என்றால் ரயில்வே, மெட்ரோ தூண் என்றால் மெட்ரோ நிறுவனம். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு எப்படியும் ஒரு கடிதம் போக வேண்டும். கவுன்சிலரையும் போய்ப் பாருங்கள், சட்டப்படி தேவையில்லை என்றாலும். தன் வார்டில் நடப்பதை மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்ள யாருக்கும் பிடிக்காது.

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதையும் கட்டத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. தற்காலிகமானது என்றாலும் கால் நடும் முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

அதிகாரிகள் தயங்கினால் எரிச்சல்படாமல் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று ஸ்கூட்டரில் போன இளம்பெண் மேல் விழுந்து, அவர் நிலைகுலைந்து சரிய, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார். அதற்குப் பிறகு சாலைப் பக்கம் நிற்கும் துணி, கம்பம் எதைப் பார்த்தாலும் கையெழுத்துப் போடுபவருக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது, வரத்தான் வேண்டும். பொறியாளர் சான்றும், எப்படிக் கட்டுவோம் என்ற படமும், கழற்றும் தேதியும் கடிதத்தோடு இருந்தால் பேச்சே மாறிவிடும்.

கடற்கரையில் வைக்கலாமா? இரவில் விளக்குப் போட்டால் அழகாக இருக்குமே.

அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நகரும். கடலின் மினுமினுப்புக்குப் பதிலாக உங்கள் விளக்கை நோக்கி ஊர்ந்து வந்து செத்துப்போகும். கடற்கரை ஒழுங்குமுறை அனுமதி தனியாக வேறு இருக்கிறது. பகல் நேர வேலைப்பாடாக, மணலையும் மூங்கிலையும் வைத்துச் செய்யுங்கள், பொழுது சாய்ந்ததும் இருட்டாக விட்டுவிடுங்கள்.

காற்று, மழை பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

வேறு எதையும்விட அதிகமாக. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. இந்த ஒரு கணக்கு மனதில் நின்றால் போதும். இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். பத்து நாள் அமைப்புக்குப் பொறியாளர் அதைக் குறைத்துக் கணக்குப் போடுவார், ஆனால் கணக்குப் போட்டே ஆக வேண்டும். எட்டடிக்கு மேல் உயரம் போனால் கட்டுமானப் பொறியாளர் கையெழுத்தில்லாமல் நாங்கள் வைப்பதில்லை.

கிறிஸ்டோ, ழான்-கிளாட் இணை 1991-ல் ஜப்பானில் 1,340 நீலக் குடைகளையும் கலிபோர்னியாவில் 1,760 மஞ்சள் குடைகளையும் விரித்தார்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் உயரம். எவ்வளவு தேர்ந்த குழு, எவ்வளவு பொறியாளர்கள்! அப்படியும் கலிபோர்னியாவில் பலத்த காற்றில் ஒரு குடை பெயர்ந்து வந்து மோதி, பார்க்க வந்த ஒரு பெண் இறந்துபோனார். உடனே எல்லாக் குடைகளையும் மூடச் சொன்னார்கள். கழற்றும்போது ஜப்பானில் கிரேன் உயர்மின் கம்பியில் பட்டு ஒரு தொழிலாளியும் இறந்தார். கழற்றும் நாளும் கட்டும் நாளைப் போலவே ஆபத்தானது.

நம் பந்தல்காரர்களிடம் இதற்கெல்லாம் அனுபவ அறிவு நிறைய இருக்கிறது. பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு துணி வேலைப்பாடு கட்டும்போது பெரியவர் ஒருவர் மேல் ஓரத்தை நைலான் கயிற்றால் இறுக்கிவிட்டு, கீழ் ஓரத்தை மட்டும் மெல்லிய சணலால் கட்டினார். ஏன் இப்படி என்று கேட்டேன். சணல் முடிச்சை விரலால் சுண்டிக் காட்டினார். மதியம் ஒரு மணிக்கு மேல் கடல் காற்று வேகம் எடுக்கும்போது முதலில் சணல் அறும், துணி கொடி மாதிரி பறக்கும், கம்பு சாயாது. கீழேயும் நைலான் போட்டால் துணி பாய் மாதிரி காற்றைப் பிடித்துக் கம்போடு பெயர்த்துக்கொண்டு வரும். மூன்றாம் நாள் அப்படியே சணல் அறுந்தது, துணி பறந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்பக் கட்டினோம்.

எந்த வேகத்தில் காற்று வந்தால் துணியை இறக்குவது, யார் இறக்குவது, அவர் தொலைபேசி எண் என்ன என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு யோசிக்க முடியாது.

தெர்மாகோல், ஃப்ளெக்ஸ் பயன்படுத்தலாமா?

கூடாது. அலங்காரத் தெர்மாகோலுக்கும் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனருக்கும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. சவுக்குக் கம்பு, மூங்கில், தென்னங்கீற்று, காடா துணி, சணல், களிமண், காகிதக்கூழ் எல்லாம் கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன, கம்பைப் பந்தல்காரரிடம் வாடகைக்கே எடுக்கலாம். திரும்பிப் போகும் பொருளில் செய்தால் கழற்றும் செலவும் பாதியாகும்.

மின்சாரம்?

மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போடாதீர்கள், பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். கூடியவரை 12 அல்லது 24 வோல்ட் எல்இடி, 30 மில்லி ஆம்பியர் கசிவில் தானாக நின்றுவிடும் பாதுகாப்பு சுவிட்ச், ஒழுங்கான எர்த். குழந்தைகள் தொடுவார்கள், தொடட்டும் என்றுதானே வைக்கிறோம்.

விளம்பரதாரர் தன் லோகோவை வேலைப்பாட்டிலேயே வைக்கச் சொல்கிறார்.

பக்கத்தில் தனிப் பலகையில் போடுங்கள். வேலைப்பாட்டின் மேல் போட்டால் அது விளம்பரத் தட்டி ஆகிவிடும், மாநகராட்சி விதியும் அப்போது வேறு. பணம் வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். போனால் போகட்டும்.

ஒப்பந்தம் அவசியமா? எல்லாரும் தெரிந்தவர்கள்தானே.

தெரிந்தவர்களோடுதான் கட்டாயம் வேண்டும். தேதிகள், தொகை, சேதமானால் யார் செலவு, காப்பீடு யார் எடுப்பது, கழற்றிய பொருள் யாருக்கு, இவற்றைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பதிப்புரிமையில் பலருக்கும் தெரியாத சங்கதிகள் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவரே முதல் உரிமையாளர். சிற்பம் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் உரிமை சாதாரணமாகக் கலைஞரிடமே இருக்கும். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தை யாரும் படமெடுத்து வெளியிடலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் உங்களுடையது நிரந்தரம் இல்லையே. ஆகவே சுவரொட்டியிலும் வீடியோவிலும் படத்தைப் பயன்படுத்த எழுத்தில் ஒரு வரி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், தன் படைப்பைச் சிதைத்தால் கேட்கும் உரிமை கலைஞருக்கு உண்டு. தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் அவரிடம் சொல்லாமலேயே கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், அதில் சிதைந்தது. நீண்ட வழக்குக்குப் பிறகு 2005-ல் தில்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. அதனால் “இந்தத் தேதியில், இந்த முறையில், கலைஞர் முன்னிலையில் கழற்றப்படும்” என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

யாராவது எதிர்த்தால், உடைத்தால்?

எதிர்ப்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள், கலைஞரையும் கூட்டிப் போங்கள். பெரும்பாலும் “என்னைக் கேட்கவில்லையே” என்பதுதான் மனக்குறை. உடைந்தால் அன்றைக்கே சரிசெய்யுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். உடைந்ததை நிற்கவிட்டால் மறுநாள் காலையில் அதைச் சுற்றிக் குப்பை சேர்ந்திருக்கும்.

விழா முடிந்ததும் “நன்றாக இருக்கிறதே, அப்படியே விட்டுவிடலாமே” என்கிறார்கள். விடலாமா?

விடாதீர்கள். பத்து நாளைக்கென்று கட்டிய முடிச்சு இருபதாம் நாள் தளரும், அனுமதியும் அதற்குள் முடிந்திருக்கும். ஒரு சங்கத்தில் எல்லோரும் ஆசைப்பட்டு விட்டுவைத்த மூங்கில் யானை சித்திரை வெயிலில் பிளந்து, ஒரு பக்கம் சாய்ந்து, கடைசியில் யாரோ வண்டி நிறுத்துவதற்காக அதன் காலை வெட்டினார்கள். அதைச் செய்த பெண் அந்தத் தெரு வழியே போவதையே விட்டுவிட்டார். உண்மையாகவே ஊருக்கு அது வேண்டுமென்றால் நிரந்தரப் பொருளில் வேறொன்று செய்து தரச் சொல்லி, புதிதாக ஊதியம் பேசுங்கள்.

கழற்றும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

பகலில் கழற்றுங்கள். கட்டிய அதே ஆட்களைக் கூப்பிடுங்கள், எந்த முடிச்சு எதைத் தாங்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கம்பும் துணியும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள், குழிகளை எடுத்த மண்ணாலேயே மூடித் தண்ணீர் ஊற்றி இடித்துவிடுங்கள். கட்டும் முன்பு எடுத்த அதே கோணத்தில் ஒரு புகைப்படம் எடுத்து மாநகராட்சியில் கொடுத்தால் வைப்புத்தொகை சிக்கலில்லாமல் திரும்பும். அப்புறம் ஒரு பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒரு கைப்பிடி ஆணியும் கட்டுக்கம்பித் துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். விடியற்காலையில் அந்தப் பக்கம் செருப்பில்லாமல் வாசல் தெளிக்க வருபவர்கள் இருக்கிறார்கள்.